மயில்கழுத்துப் பெயிண்ட்

முதலில் வந்தது வாடை. கறிக்கடையில் இறகு பிடுங்கிய கோழியை நெருப்பில் காட்டும்போது வருமே, அந்தக் கருகல் வாடை. அருணகிரி பக்கத்து வீட்டைத்தான் சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கணபதி ஏரியாவில் எந்த வீட்டில்தான் கோழி வேகவில்லை என்று நினைத்துக்கொண்டே, சைக்கிள் பெயிண்டில் கீறல் விழாமலிருக்க ஹேண்டில் கழுத்தில் ஒட்டிய சின்னத் துண்டு கண்ணாடி ஃபிலிமுக்கு ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டிருந்தார். சூடு பட்டால் ஃபிலிம் இளகும், இளகினால் வளைவுக்கு இணங்கி உட்காரும், உட்கார்ந்ததைத் துணி சுற்றிய பழைய ஏ.டி.எம். கார்டால் நீவிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. வாடை இன்னும் நெருங்கி வந்தது. மூக்கைத் திருப்பினார், குனிந்தார், அப்புறம்தான் பார்த்தார். வலது கையில் இருந்த டிரையரின் வாய், ஹேண்டிலைப் பிடித்திருந்த இடது முன்கைமேல் சாய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகச் சாய்ந்திருந்ததோ. ரோமம் சுருண்டு கருகியிருந்தது, தோல் சிவந்து பளபளத்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வலித்து இழுக்கவில்லை, இழுக்க வேண்டுமே என்று இழுத்தார். சுட்டது கையை, தெரிந்தது மூக்குக்கு. டிரையரை நிறுத்திவிட்டு, ஊதிப் பார்த்தார். ஊதுவது ஒரு பழக்கம், சுட்டால் ஊதுவோம், அதற்காக ஊதினார். ஊதின காற்றும் கையில் படவில்லை. பட்டிருக்கும், படாமல் எங்கே போகும், இவருக்குத்தான் தெரியவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ஊதினது தெரியவில்லை என்று எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து மறுபடியும் ஊதினார். பிறகு விசிறியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த இடம் சும்மா இடமில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, சுண்டுவிரல் பக்கமாக, எவர்சில்வர் டம்ளரின் அடிப்பாகம் அகலத்துக்கு வெளுத்துப்போன ஒரு தேமல். தேமல் என்றுதான் அவர் சொல்லிக்கொள்கிறார். மாசியில் பார்த்தபோது சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. மருந்துக்கடையில் காட்டாமலே, படர்தாமரைக்கு ஒரு களிம்பு கொடுங்க என்று கேட்டு வாங்கினார், பையனுக்கு என்று ஒரு பொய்யையும் கூடவே சொல்லிவைத்தார். பையன் புனேயில் இருக்கிறான், அவன் தோலுக்கு ஒரு குறையும் இல்லை. களிம்பு தீர்ந்தது, இன்னொன்று வாங்கினார், அதுவும் தீர்ந்தது, தேமல் மட்டும் யார் வீட்டு விருந்தோ என்று நிதானமாக அகலமாகிக்கொண்டு போனது. அரிக்கவில்லை. அரித்தால் நல்லது, அரிக்கிற எதுவும் அது இல்லை என்று எங்கேயோ கேட்டிருந்தார். அதனால் அரிக்கிறதா என்று அடிக்கடி கவனித்தார். கவனித்தால் எந்த இடமும் கொஞ்சம் அரிக்கும், உள்ளங்கால் அரித்தது, காதுமடல் அரித்தது, அந்த இடம் மட்டும் பிறத்தியார் கை மாதிரிப் பேசாமல் கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள், உணர்ச்சியில்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம், மாத்திரை இலவசம், முழுமையாகக் குணமாகும் என்று. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் படித்தவர்தான். படித்ததை நம்பவும் செய்கிறார். ஆனால் பயம் என்ன படித்துவிட்டா வருகிறது. அந்தச் சுவர் வருவதற்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இப்போதெல்லாம் அவர் அந்தப் பக்கத்து ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இருக்காது. டிரையரில் சூடே குறைவு, பையன் காலேஜில் வைத்திருந்தது, பழசு. அப்படியென்றால் ரோமம் எப்படிக் கருகும். வயசாகிவிட்டது, ஐம்பத்தைந்தைத் தாண்டினால் தோல் கொஞ்சம் தடிக்கும். தடிக்கும் என்றால் வலது கையும் தடிக்க வேண்டுமே. சரி, வேலையைப் பார்ப்போம் என்று சோப்புத் தண்ணீர்க் குப்பியை எடுத்து சைக்கிள்மேல் ஒரு தரம் பீச்சினார். குழந்தைகளுக்குத் தேய்க்கிற ஷாம்பு நாலு சொட்டு விட்ட தண்ணீர், அதில் நனைத்தால்தான் ஃபிலிமின் பசை உடனே பிடித்துக்கொள்ளாமல் நகர்த்தி வைக்க இடம் கொடுக்கும். தண்ணீர் பட்டதும் பெயிண்ட் எழுந்து நின்றது. மயில்கழுத்து நிறம். இந்தப் பக்கம் நின்றால் நீலம், அந்தப் பக்கம் நின்றால் பச்சை, இரண்டுக்கும் நடுவில் நின்றால் சாரதாமணியின் கல்யாணப்புடவை. அந்தப் புடவைக்காகத்தான் இந்த நிறத்தைச் சொல்லி வரவழைத்தார். நாற்பத்தெட்டு வயசில் அவள் சைக்கிள் பழகினாள். தெருப் பெண்கள் நாலைந்து பேர் விடியலில் சரவணம்பட்டி வரைக்கும் ஓட்டிப்போய் டீ குடித்துவிட்டு வருவார்கள், யாரோ ஒருத்தியின் சைக்கிளைக் கேட்டு வாங்கி ஓட்டி, விழுந்து, எழுந்து, பழகிவிட்டாள். சொந்தமாக ஒன்று வந்ததும் அவர் போட்ட ஒரே நிபந்தனை, ஃபிலிம் ஒட்டாமல் தெருவில் இறக்கக்கூடாது. பிரேக் ஒயர் கழுத்தில் உரசும், கல் தெறித்து சாய்ந்த குழாயில் படும், செயின் ஆடி பின்குழாயைக் கொத்தும், ஒரே மாதத்தில் பெயிண்ட் போய்விடும் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மோட்டார் பம்ப் கம்பெனியில் பெயிண்டிங் செக்‌ஷனில் பரிசோதகர், பெயிண்டைப் பார்த்தே பிழைக்கிறவர். சொல்லிவிட்டு மாதம் ஒன்றரை ஆகிறது. சைக்கிள் ஹாலில் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஃபிலிம் ஒட்ட அரைக்கை பனியனோடு உட்கார வேண்டும், அதுதான் விஷயம்.

இன்றைக்கு அவள் அன்னூர் போயிருக்கிறாள், அக்கா மகளுக்கு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து சாயங்காலம்தான் வருவாள். அவள் பஸ் ஏறினாளோ இல்லையோ, இவர் முழுக்கைச் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போடுகிற மனுஷன் ஊரிலேயே இவர் ஒருத்தர்தான், அதுவும் கோடையில். குளிர்கிறது என்று சொல்லிப் பார்த்தார், அவளும் அப்படீங்களா என்றாள், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரைத் தின்கிறது. சாரதாமணி கேட்காமல் விடுகிற ஆள் இல்லை. கடைக்காரன் வெண்டைக்காயை எங்கே பறித்தான் என்று கேட்பாள், கண்டக்டரிடம் அவன் சம்சாரத்தின் பிரசவ தேதியைக் கேட்பாள். அவள் ஒன்றைக் கேட்கவில்லை என்றால் அவளுக்கு அது தெரியும் என்று அர்த்தம். தெரிந்திருக்கிறது. எப்போது தெரிந்தது என்றுதான் தெரியவில்லை. சித்திரையில் ஒருநாள் குளியலறையில் புதுசாக ஒரு சோப்புப்பெட்டி வந்தது, சிவப்பு நிறம், அவளுக்கு மட்டும். இந்த சோப்பு வாசம் எனக்கு ஒத்துக்கிடுது என்றாள். அப்புறம் துண்டு. இரண்டு பேர் துண்டும் ஒரே கொடியில்தான் காயும், இப்போது அவளுடையது மொட்டைமாடிக்குப் போய்விட்டது. அப்புறம் கட்டில். மெத்தை முதுகைப் பிடிக்கிறது என்று பாய் விரித்துக்கொண்டாள், அதுவும் ஜன்னலோரம், கட்டிலுக்கு எட்டாத தூரத்தில். காபியைக் கையில் கொடுப்பவள் டீப்பாய்மேல் வைத்துவிட்டுப் போகிறாள். சனிக்கிழமை அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவள் பாத்தியதை, பையன் பிறந்த வருஷம்கூட விட்டதில்லை. போன மாதம், இனி நீங்களே தேச்சுக்கோங்க, எனக்கு கை வலிக்குது என்று கிண்ணத்தை வைத்தாள். ஒருநாள் அவள் குடித்து மிச்சம் வைத்த மோரை எடுக்கப் போனார், பாய்ந்து வந்து பிடுங்கி வாசலில் கொட்டினாள். ஈ விழுந்துருச்சுங்க என்றாள். ஈ விழவில்லை. ஈயைப் பார்க்க அவருக்குப் புதுக் கண்ணாடி இருக்கிறது.

அந்தக் கண்ணாடி ஒரு கூத்து. கம்பெனியில் பம்ப்மேல் பெயிண்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்று முதலில் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்ப்பார்கள், அப்புறம் விரலால் தடவுவார்கள். கண்ணுக்குத் தப்பும் தூசி விரலுக்குத் தப்பாது. அருணகிரி இரண்டு கையாலும் தடவுவார், பம்ப்பின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், பாதி நேரம் மிச்சம். போன மாதம் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பின பம்ப் ஒரு லோடு திரும்பி வந்தது, எல்லாவற்றிலும் இடது பக்கம் பெயிண்டுக்கு அடியில் மணல் மணலாக இருந்தது. மேனேஜர் நல்ல மனுஷன், கண்ணாடி மாத்துங்க சார் என்று சிரித்தார். இவரும் சிரித்துக்கொண்டே போய் நன்றாக இருந்த கண்ணாடியை மாற்றிக்கொண்டார். மாற்றினால் விஷயம் கண்ணோடு நின்றுவிடும் என்று பார்த்தார். இப்போது அது ஞாபகம் வந்ததும், ஹேண்டில் கழுத்தில் ஒட்டிய ஃபிலிமை இடது சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. குமிழி ஒன்றும் இல்லை. பக்கத்து விரலால் தடவினார், வழவழ. கண்ணை மூடிக்கொண்டு வலது கைச் சுண்டுவிரலால் தடவினார். நடுவில் கடுகு அளவு ஒரு குமிழி, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கண்ணைத் திறந்து பார்த்தார், இரண்டும் கண்ணுக்கு நேராகவே இருந்தன. மறுபடியும் இடது கை. வழவழ. அப்படியென்றால் தேமல் மட்டும் இல்லை, விரலுக்கும் இறங்கிவிட்டது. எழுந்து கழிவறைக்குப் போனார், ஒன்றும் வரவில்லை, திரும்பி வந்தார். சுண்டுவிரலை மடக்கினார், மடங்கியது. நீட்டினார், நீண்டது, கடைசிக் கணுவில் கொஞ்சம் தயங்கின மாதிரி இருந்தது. முன்னேயும் அப்படித்தான் இருந்ததா, மனுஷன் தன் சுண்டுவிரல் எப்படி நீளும் என்று எப்போதாவது பார்த்து வைத்திருக்கிறானா.

குழந்தைவேலுவுக்கு அப்படித்தான் மடங்கியது. அருணகிரியின் அப்பா வேலை பார்த்த மில்லில் அவரும் வேலை பார்த்தார், மில் குடியிருப்பில் எதிர்வீடு. விரல் மடங்கின பிறகு அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் சம்சாரம் பாப்பாத்தி அவரை விட்டுவிட்டுப் போகவில்லை, அதற்காக குடியிருப்பு லைன் முழுக்க அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. திட்டினதில்லை, முகம் சுளித்ததில்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். எப்படிப் போட்டாள் என்பதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பையன் அருணகிரி தினமும் பார்த்தான். அவருடைய தட்டு தனி, தரையில் இருக்கும். அவள் நின்றபடியே, குனியாமல், கரண்டியை இடுப்பு உயரத்தில் பிடித்து ரசத்தை ஊற்றுவாள். தட்டுக்கு வெளியே ஒரு சொட்டு விழாது, அவ்வளவு பழக்கம். அவர் தலையைக் குனிந்துகொண்டு அந்த ரசம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அருணகிரிக்கு இத்தனை வருஷமாக நோயைக் கண்டு பயமில்லை, விரல் மடங்குவதைக் கண்டுகூட அவ்வளவு பயமில்லை, அந்த உயரத்தைக் கண்டுதான் பயம். சாரதாமணி விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை, அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்துகொண்டே ஊற்றுவாள். சோப்புப்பெட்டியில் தொடங்கியிருக்கிறாள், துண்டு, பாய், டீப்பாய் என்று ஒவ்வொரு படியாக எழுந்து நிற்கிறாள், இன்னும் கரண்டி ஒன்றுதான் பாக்கி. நேற்றுக்கூட ரசம் ஊற்றும்போது கையைப் பார்த்தார். கொஞ்சம் உயரமாகத்தான் பிடித்தாளோ. சூடான ரசம், தெறிக்கும், அதனால் இருக்கும். தெறிக்கும் என்றால் கீழே பிடிப்பார்களா, மேலே பிடிப்பார்களா. இதையே ராத்திரி முழுக்க யோசித்திருந்தார்.

சாய்ந்த குழாய்க்கான நீளத்துண்டை எடுத்தார். பழுப்புக் காகிதத்தில் அளவெடுத்து வெட்டி வைத்தது, கம்பெனியில் பெயிண்ட் படக்கூடாத இடத்துக்குக் காகிதம் ஒட்டுகிற அதே முறை. ஹேண்டில் கழுத்திலிருந்து பெடல் வரைக்கும் ஒரே துண்டு. இதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருத்தர் மேல்முனையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தர் கீழிருந்து நீவிக்கொண்டு வர. சொந்த வீட்டில் ஒளிந்து வேலை செய்கிறவனுக்கு இரண்டாவது ஆள் எங்கிருந்து வருவான். பசையை மூடியிருந்த முதுகுத்தாளை உரித்தார், பசைப்பக்கம் பளிச்சென்று வந்தது. அது இனி எதைத் தொட்டாலும் அதை எடுத்துக்கொள்ளும், தூசி, தலைமுடி, எறும்பு, எல்லாவற்றையும். கீழே விழுந்தால் தீர்ந்தது, தூக்கி எறிய வேண்டியதுதான். இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு குழாய்க்கு நேராகக் கொண்டுபோனபோது இடது கை எதைப் பிடித்திருக்கிறது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை, பார்த்துப் பார்த்துப் பிடித்தார். முன்கையில் சிவந்த இடம் இப்போது தோல் தூக்கி, உள்ளே நீர் கோத்து, சின்னக் கொப்புளமாக நின்றது. அழகாக, உருண்டையாக, ஒரு வலியும் இல்லாமல். கொப்புளம் வந்தால் கோவணம் கட்டின பிள்ளைகூட வீட்டைக் கூட்டிவிடும். இவர் ஒரு மூன்றாம் மனுஷனைப் போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளிக்கதவின் கொண்டி சத்தம் கேட்டது.

பால்காரன் இந்நேரத்தில் வரமாட்டான். கொரியர் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கொண்டியைத் தூக்கி, தள்ளி, மறுபடி போடுகிற அந்த மூன்று சத்தம் சாரதாமணியுடையது. சாயங்காலம் வருகிறேன் என்றவள். சட்டை கதவில் மாட்டியிருக்கிறது, நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் கையில் ஃபிலிம். விட்டால் விழும். விழட்டும், ஒரு துண்டு ஃபிலிம்தானே, விட்டுவிட்டுச் சட்டையைப் போடு, போட்டுக்கொண்டு கொப்புளத்தை மறை என்று ஒரு மனசு அதட்டியது. கை விடவில்லை. முப்பது வருஷமாகப் பசையைக் கீழே விடாத கை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடது கையை மட்டும் விட்டால் ஃபிலிம் சுருண்டு வலது கையில் ஒட்டும், வலது கையை விட்டால் குழாயில் கோணலாகப் போய் ஒட்டும், இரண்டையும் விட்டால் தரை. அவர் இப்படி எண்ணிக்கொண்டிருக்கையில் செருப்புக் கழற்றும் சத்தம், பையை வைக்கும் சத்தம். கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளலாமா என்று பார்த்தார், ஃபிலிம் தளர்ந்து பனியனை முகர்ந்தது. போலீஸ்காரன் கைகளைத் தூக்கு என்று சொன்ன மாதிரி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தன் சொந்த ஹாலில், வெளிச்சத்துக்கு நேராக அருணகிரி உட்கார்ந்திருந்தார். அவள் வாசல்படியில் வந்து நின்றாள், நெற்றியில் சந்தனம் இல்லை, கையில் புது வளையல் இல்லை, முகம் அழுது கழுவின முகம். அவரைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள், பெட்ஷீட் கீழே கிடந்ததைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்து, ஃபிலிமின் கீழ்முனையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக் குழாய்மேல் இறக்கினார்கள். அவர் பீச்சினார், அவள் பிடித்தாள். கார்டை எடுத்து நீவ ஆரம்பித்தபோது இடது கை அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. அவர் பார்க்கவில்லை. தன் நெற்றியில் இறங்கும் வியர்வை அவருக்கு நன்றாகத் தெரிந்தது, காதுக்குள் ரத்தம் ஓடுவது தெரிந்தது. எழுந்து போவாள், இல்லை, எழுந்து நிற்பாள், நின்றபடி பேசுவாள் என்று அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் நிமிரவில்லை.

"கை சுட்டிருக்குதுங்க" என்றாள்.

"ம்."

"கொப்புளிச்சிருக்குது. வலிக்கலீங்களா?"

வலிக்குது என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். இஸ் என்று வாயால் இழுத்துக் காட்டினால் அவள் போய் மருந்து எடுத்து வருவாள், இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் ஓட்டிவிடலாம். அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை மாதமாகச் சொன்ன பொய்யெல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றதில் அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"வலிக்கல சாரதா" என்றார். "மாசியிலிருந்தே அந்த எடத்துல ஒண்ணும் தெரியறதில்ல. அது அதுவாத்தான் இருக்கோணும். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ தள்ளிப் படுக்கறது தப்புனு நான் சொல்லல."

அவள் ஃபிலிமை விட்டுவிட்டாள். பாதி ஒட்டிவிட்டதால் அது விழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையில் இருந்தது அருவருப்பு இல்லை, அது மட்டும் அவருக்கு உடனே புரிந்தது, மற்றது புரியவில்லை. உங்களுக்குமா என்று அவள் கேட்டது கைக்குள்ளிருந்து வந்ததால் அவர் அதைச் சரியாகக் கேட்கவும் இல்லை. அப்புறம் அவள் சொல்ல ஆரம்பித்தாள், கோர்வையாக இல்லை, அன்னூரிலிருந்து ஆரம்பித்து சரவணம்பட்டிக்குப் போய் மறுபடி அன்னூருக்கு வந்தாள். சித்திரையில் ஒருநாள் விடியலில் இரவல் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய் டீக்கடையில் இறங்கியிருக்கிறாள். கூட வந்தவள், அக்கா, உங்க காலில் ரத்தம் என்று கத்தியிருக்கிறாள். பெடலின் பல் கெண்டைக்காலைக் கிழித்து, ரத்தம் குதிகால் வரைக்கும் ஓடி, செருப்பு வழுக்குகிற அளவுக்கு நனைந்திருக்கிறது. இவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கழுவிப் பார்த்தால் கிழிந்த இடத்தைச் சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது. அன்றைக்கே கடைக்குப் போய் சிவப்பு சோப்புப்பெட்டியை வாங்கியிருக்கிறாள். அவருக்கு ஒட்டிவிடக்கூடாது என்று துண்டு, அவருக்கு ஒட்டிவிடக்கூடாது என்று பாய், எச்சில் மோரை அவர் எடுத்தபோது உயிரே போய்விட்டதாம். இன்றைக்கு வளைகாப்பில் பெண்கள் ஒவ்வொருத்தராகப் போய் அந்தப் பெண்ணின் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். சித்தி முறை, இவளைக் கூப்பிட்டார்கள். சந்தனக் கிண்ணத்தில் விரலை வைக்கப் போனவள், வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தொடுவதா என்று நினைத்துத் தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, இலை போடுவதற்குள் பஸ் ஏறிவிட்டாள். அக்கா முகம் கொடுக்கவில்லை, இனி பேசவும் மாட்டாள்.

"எங்கிட்டருந்துதான் உங்களுக்கு வந்திருக்குங்க" என்றாள். "நான்தான் முன்னாடியே சொல்லோணும், சொல்லாம வெச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

அவர் மாசி என்றார், அவள் சித்திரை என்றாள். கணக்குப் போட்டால் அவருடையதுதான் முந்தி, அதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன்னிடமிருந்து தன் சம்சாரத்துக்கு என்ற நினைப்பு அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தபோது, இத்தனை நாள் பட்ட பயமெல்லாம் பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது. தனக்கு என்ன ஆகும், தன்னை என்ன செய்வார்கள் என்றே பயந்திருந்தார், இப்படி ஒரு பக்கம் இருப்பதே தோன்றவில்லை. நாளைக்குப் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்கு இரண்டு பேரும் போவோம் என்றார், குரல் சரியாக வந்தது. அந்தச் சுவரில் எழுதியிருப்பதைச் சொன்னார், மாத்திரை, குணமாகும், இலவசம். அவளும் அதே சுவரைப் படித்தவள்தான், தலையாட்டினாள். மொதல்ல இத ஒட்டி முடிங்க, பசை காஞ்சிரும் என்றாள். முடித்தார்கள். அவள் கடைசி முனையை அழுத்தித் தேய்த்தாள், அவர் இடது கையை எடுத்துக்கொண்டு வலது கையால் மேலிருந்து கீழ்வரைக்கும் தடவிப் பார்த்துச் சரி என்றார். பெயிண்ட் ஃபிலிமுக்கு அடியில் அப்படியே இருந்தது, ஃபிலிம் இருப்பதே தெரியவில்லை.

அப்புறம் அவர் காலைக் காட்டச் சொன்னார். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு சைக்கிள் சீட்டைப் பிடித்தபடி நின்று, முக்காலிமேல் காலை வைத்து, புடவையைக் கெண்டைக்கால் தெரியத் தூக்கினாள். கிழிந்த காயம் ஆறி ஒரு கோடாக இருந்தது, அதைச் சுற்றி வெளுப்பு, அவருடையதைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒருவேளை இது வெறும் தேமலாக இருக்கும், காயம் பட்ட அதிர்ச்சியில் அப்போது மட்டும் தெரியாமல் போயிருக்கும் என்று அவர் சொன்னார். அப்படி இருக்கட்டும் என்று மனசுக்குள் யார் யாரையோ கும்பிட்டார். தொட்டுப் பார்ப்போம் என்றார். அந்தப் பக்கம் திரும்பிக்கோ, கண்ணை மூடிக்கோ, தொட்டதும் சொல்லு. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை இறுக்க மூடி, சீட்டை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், ஊசி போடப்போகிறார்கள் என்கிற மாதிரி. அருணகிரி வலது கைக் கட்டைவிரலை அந்த வெளுப்பின் நடுவில் வைத்தார். தோல் இளஞ்சூடாக இருந்தது, உயிருள்ள தோல். மெல்ல அழுத்தினார். பிறகு நன்றாகவே அழுத்தினார், நகத்தைச் சுற்றிலும் சதை குழிகிற அளவுக்கு. அவள் தோளில் ஒரு அசைவும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏனுங்க" என்றாள் கடைசியில். "தொடுங்க. எனக்கு பயமா இருக்குது."

அவர் கை எப்போதோ உலர்ந்திருந்தது.

"இரு சாரதா, கை ஈரமா இருக்குது, தொடச்சுட்டு வெக்கறேன்" என்றார். கட்டைவிரலை எடுக்கவில்லை.